தவறு கத்தியில் அல்ல, வார் தொங்கிய இடத்தில்

12000 கிரிட் எனும் மிக நுண்ணிய சாணைக்கல்லில் தீட்டியதும் கை முடியைச் சுலபமாக வெட்டிய சவரக்கத்தி, தோல்வாரில் இழுத்த பிறகு கன்னத்தில் பிடித்து இழுத்தது. கூர் ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது.

மறுபடி கல், மறுபடி வார். அப்புறம் வாரில் தடவும் மெருகுப் பசையான பச்சை குரோமியம் ஆக்சைடு. சோப்பைக்கூட மாற்றினேன். பத்து நாள் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் வார் தொங்கிய கதவுக் கைப்பிடியைக் கவனித்தேன். ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் அது லேசாகக் கீழே சாய்ந்தது. கத்தியைத் திருப்பும் அந்த நொடியில் வார் தொய்ந்து, விளிம்பின் மேல் வளைந்து ஏறி, கூர்முனையை உருட்டிவிட்டது. இழுப்பின் நடுவில் வார் விறைப்பாகவே இருந்ததால் கண்ணுக்குப் படவில்லை.

சுவரில் இடுப்பு உயரத்தில் கொக்கி அடித்தேன். கல்லில் ஒருமுறை தொட்டுவிட்டு, வாரை விறைப்பாகப் பிடித்து, கத்தியின் எடை மட்டுமே படும்படி அதன் முதுகை, அதாவது கூருக்கு எதிரே உள்ள தடித்த பக்கத்தை, முன்னே விட்டு 40 தடவை போய்வந்தேன். திருப்புவது எப்போதும் முதுகின் மேல்தான், கூரின் மேல் அல்ல.

வார் 5 செ.மீ. அகலம், கத்தியின் கூர்விளிம்பு 7.5 செ.மீ. நீளம் என்பதால் குறுக்குச் சாய்வாக இழுக்கிறேன். இல்லாவிட்டால் நுனி வாரைத் தொடாது. மறுநாள் சவரம் வழுக்கிக்கொண்டு போனது. பெரிய நிம்மதி.