ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம் வீதி) சந்தியில் பச்சை விளக்குக்கு எத்தனை வினாடி?

முதலில் வாகனங்களை எண்ணுங்கள். காலை 6.45 முதல் 7.45 வரை, பள்ளி விடும் 1.30ஐ ஒட்டி, பின்னேரம் என மூன்று தடவை, 15 நிமிடத் துண்டுகளாக. ஒவ்வொரு திசையிலும் ஒரு மணிக்கு வரும் வாகனங்களை, பச்சை எரியும்போது அதே திசையில் ஒரு மணிக்குக் கடக்கக்கூடிய உச்ச எண்ணிக்கையால் வகுத்தால் விகிதம் வரும். அந்த உச்சத்தைப் புத்தகத்தில் தேடாமல் சந்தியிலேயே அளப்பதுதான் சரி.

ஏ9க்கு 0.35, பக்க வீதிக்கு 0.20 வந்தது என்று வைப்போம், கூட்டினால் 0.55. ஒரு சுற்றில், அதாவது எல்லாத் திசைக்கும் ஒருமுறை பச்சை வந்து முடிவதற்குள், விளக்கு மாறும்போது வீணாகும் நேரம் 10 வினாடி என்றும் வைப்போம். காத்திருப்பு குறைவாக வரும் சுற்று நேரத்தைக் கணிக்கும் வெப்ஸ்டர் சூத்திரப்படி 10ஐ 1.5ஆல் பெருக்கி 5ஐக் கூட்டி, 1இல் 0.55 போக மிஞ்சும் 0.45ஆல் வகுத்தால் சுற்று சுமார் 45 வினாடி. வீணாகும் 10 போக மிஞ்சும் 35ஐ அந்த விகிதங்களின்படி பிரித்தால் பச்சை: ஏ9க்கு 22, பக்க வீதிக்கு 13.

பிழைப்பது இங்கேதான். பக்க வீதிப் பச்சையில்தான் சனம் ஏ9ஐக் குறுக்கே கடக்கும். 12 மீற்றரை வினாடிக்கு 1.2 மீற்றராக நடக்க 10 வினாடி, கால் எடுத்து வைக்க 7. ஆக 17 தேவை, 13 போதாது. பக்க வீதிக்கு 17 கொடுத்தால் அதே விகிதப்படி ஏ9க்கு 30, வீணாகும் 10உம் சேர்த்துச் சுற்று 57. வயோதிபர் அதிகமென்றால் இன்னும் கூட்டுங்கள்.

காலபோக அறுவடைக்குத் தனித் திட்டம் வேண்டும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியை இழுக்கும் லான்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) மணிக்கு 18 கிலோமீற்றரில் 20 மீற்றர்ச் சந்தியைத் தாண்ட 4 வினாடி பிடிக்கும். எல்லாப் பக்கமும் சிவப்பு 2 வினாடிதான் என்றால், பெட்டி நடுச்சந்தியில் நிற்கும்போதே மற்றப் பக்கம் மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்துவிடும்.