எல்லை கடந்த உதவியை முறையாகச் செய்வது எப்படி?

பங்ளாதேஷில் அமில வீச்சுக்கு உள்ளான ஒரு பெண்ணுக்கு ஓர் அறுவை சிகிச்சை மட்டும் போதாது. பல ஆண்டுகள் நீளும் மருத்துவம், மனநல ஆலோசனை, வழக்கறிஞரின் துணை, பிழைப்புக்கு ஒரு தொழில் ஆகிய அனைத்தும் வேண்டும். ஆகவே, சிங்கப்பூரிலிருந்து உதவ விரும்புவோர், ஒருமுறை பெருந்தொகை தருவதைக் காட்டிலும், 20 வெள்ளியாயினும் மாதந்தோறும் தவறாமல் அனுப்புவதே நலம் என்பேன். 1999இல் அங்கு தொடங்கப்பட்ட அமில வீச்சில் உயிர் தப்பியோர் அறக்கட்டளையைப் போன்று, அந்த மண்ணிலேயே வேரூன்றிய அமைப்புகளைத் தேடுங்கள். பழைய துணிகளை மூட்டை கட்டி அனுப்ப வேண்டாம். சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதாயின், வெளிநாட்டு அறப்பணிக்கான அனுமதியை அறநிறுவன ஆணையரிடம் முன்கூட்டியே பெற வேண்டும். இணையத்தில் பரவும் படம் தாக்கியவனையும் எட்டக்கூடும் என்பதால், பாதிக்கப்பட்டவர் மனமொப்பினாலன்றி அவருடைய முகத்தையோ பெயரையோ எந்த விளம்பரத்திலும் இடாதீர்கள்.