ஒரு ஏ4 பேப்பர் எத்தனை காசு தாங்கும்? பசங்களோட பாலம் கட்டிப் பாருங்க

பசங்களுக்கு சயின்ஸ் செஞ்சு காட்டணும்னா கிட் வாங்கணும், அதுக்கு காசு நிறைய ஆகும்னு நெனைச்சே பல பேரு ஆரம்பிக்காம விட்டுடுறாங்க. நான் நாலாங்கிளாஸ் எடுக்குறேன், வருஷா வருஷம் நான் முதல்ல செய்ய வைக்கிறது பேப்பர் பாலம்தான். மூணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் படிக்கிற பசங்களுக்கு கரெக்டா இருக்கும். வேண்டியது பழைய ஏ4 பேப்பர் ஒரு பத்து, ஒரு கைப்பிடி ஒரு ரூபா காசு, ஒரே உயரத்துல ரெண்டு அடுக்கு புக்கு, ஸ்கேலு, அவ்ளோதான்.

ரெண்டு அடுக்கு புக்குக்கும் நடுவுல சரியா 20 செ.மீ. இடைவெளி விடுங்க, ஸ்கேல் வெச்சு பசங்களையே அளக்கச் சொல்லுங்க, ஏன்னா ஒவ்வொரு தடவையும் இடைவெளி மாறிச்சுன்னா எந்தப் பாலம் பெட்டர்னு சொல்லவே முடியாது. பேப்பரை நீளவாக்குல மேல வைங்க. இப்ப காசு வைக்கிறதுக்கு முன்னாடி, எத்தனை காசு தாங்கும்னு ஆளாளுக்கு ஒரு நம்பர் நோட்டுல எழுதணும். இதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. நம்பர் எழுதின பையன்தான் பேப்பரை கண்ணு சிமிட்டாம பாப்பான், எழுதாதவன் காசை வெச்சு விளையாட போயிடுவான்.

வெறும் பேப்பர் தானாவே தொய்யும், ஒண்ணு ரெண்டு காசு வெச்சதும் பொத்துனு உள்ள விழுந்துடும். விழட்டும். இப்ப இன்னொரு பேப்பரை குடுத்து, "ஒட்டக்கூடாது, வெட்டக்கூடாது, மடிக்க மட்டும் செய்யலாம், இதை எப்படி ஸ்ட்ராங் ஆக்குவ?"ன்னு கேட்டுட்டு நீங்க கையை கட்டிக்கிட்டு உக்காந்துடுங்க. ஒருத்தன் ரெண்டா மடிப்பான், ஒருத்தி ஓரத்தை மட்டும் ரெண்டு பக்கமும் செவுரு மாதிரி நிமித்தி விடுவா, எல்லாத்தையும் காசு வெச்சு டெஸ்ட் பண்ண விடுங்க. யாருக்கும் தோணலன்னா அப்புறமா விசிறி மடிப்பு காட்டுங்க. அகலம் 21 செ.மீ. இருக்கும்ல, அதை ஒன்றரை செ.மீ. பட்டையா முன்னும் பின்னுமா மடிச்சா 14 பட்டை வரும். மடிப்புக் கோடு இந்தக் கரைலேர்ந்து அந்தக் கரைக்கு போகணும், பாதி பேரு குறுக்க மடிச்சிடுவாங்க, அதையும் வெச்சுப் பாக்க விடுங்க, அது படக்குனு மடங்கி விழும்போதுதான் ஏன் நீளவாக்குல மடிக்கணும்னு அவங்களுக்கே புரியும்.

இதுல ஒரு சிக்கல் வரும், காசு ஏற ஏற மடிப்பு விரிஞ்சு மறுபடி பேப்பர் தட்டையாயிடும். அப்ப மடிப்போட ரெண்டு முனைக்கு கிட்ட அடில ஒரு பேப்பர் பட்டையை டேப் போட்டு ஒட்டினா விரியாது (ஒட்டக்கூடாதுங்கற ரூலை இந்த ரவுண்டுல தளர்த்திக்கலாம்). எங்க கிளாஸ்ல ஒரு தடவை காசையெல்லாம் கிச்சன் தராசுல போட்டுப் பாத்தோம், 300 கிராமுக்கு மேல போயிருந்துச்சு. சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 பேப்பரோட எடை 5 கிராம், அப்ப அது தன் எடைய மாதிரி 60 மடங்கை தூக்கியிருக்கு, இந்த வகுத்தலை போர்டுல போடும்போது பசங்க போட்ட சத்தம் பக்கத்து கிளாஸ் வரைக்கும் கேட்டுச்சு. இன்னொரு பொண்ணு காசை நடுவுல வைக்காம புக்கு ஓரமாவே அடுக்கினா, மத்தவங்க ஏமாத்துறா ஏமாத்துறான்னு கத்தினாங்க. அது ஏமாத்து இல்லைங்க, பாலத்துக்கு நடு இடம்தான் கஷ்டமான இடம்னு அவ தானாவே கண்டுபிடிச்சிட்டா.

ஏன் இப்படின்னு கேப்பாங்க. அப்ப பாத்திரம் கழுவுற ஸ்பான்ஜ் புதுசா ஒண்ணு எடுத்து, அதோட பக்கவாட்டுல பேனாவால நேர் நேரா கோடு போட்டு, ரெண்டு கையால, நடுப்பகுதி கீழ தொய்யுற மாதிரி வளைச்சுக் காட்டுங்க. மேல கோடுங்க நெருங்கும், கீழ விலகும். இப்படி தொய்ஞ்சு வளையுற எதுக்கும் மேல்பக்கம் அமுங்கி கீழ்ப்பக்கம் இழுபடும், இந்த ரெண்டுக்கும் நடுவுல தூரம் அதிகமாக அதிகமாக வளைக்கிறது கஷ்டமாகும். தட்டைப் பேப்பர்ல அந்த தூரம் ஒரு மி.மீ.ல பத்துல ஒரு பங்கு, மடிச்சா ஒரு செ.மீ.க்கு பக்கத்துல வந்துடும். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி உள்ள இருக்குற நெளி நெளி பேப்பரை பாக்கச் சொல்லுங்க, பைக் ஷெட்டு மேல இருக்குற தகர ஷீட்டை பாக்கச் சொல்லுங்க, பனை ஓலை கெடைச்சா கைல குடுங்க. பனை ஓலை விசிறி மடிப்பாத்தான் வளருது, எங்க பசங்க அதை தொட்டுப் பாத்துட்டு ரொம்ப நேரம் கீழயே வைக்கல.

அடுத்த வாரத்துக்கு முக்கோணம். கொண்டைக்கடலையை முந்தின நாள் ராத்திரியே ஊற வெச்சுடுங்க, ஒரு பாக்கெட் பல்குச்சி வாங்கிக்கோங்க. கடலைதான் மூட்டு. நாலு குச்சில ஒரு சதுரம், மூணு குச்சில ஒரு முக்கோணம், ரெண்டையும் ஒரு மூலைய புடிச்சு தள்ளிப் பாக்கணும். சதுரம் சாஞ்சு சாய்சதுரமாயிடும், முக்கோணம் அசையாது, ஏன்னா குச்சி நீளம் மாறாம முக்கோணத்தோட மூலை மாற முடியாது. சதுரத்தை எப்படி காப்பாத்துறதுன்னு கேளுங்க, குறுக்க ஒரு குச்சி போடலாம்னு யாராவது சொல்லிடுவாங்க, ஆனா பல்குச்சி நீளம் பத்தாது, அந்த எடத்துல ஈர்க்குச்சிய அளந்து உடைச்சுக்கலாம். இதுக்கப்புறம் கரண்டு டவரையும் 1914-ல திறந்த பழைய பாம்பன் பாலத்தோட தூக்குற பகுதி போட்டோவையும் காட்டினா அவங்களே முக்கோணத்தை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க.

கடலைக்கு பதிலா சைக்கிள் வால்வு டியூப் துண்டும் தீக்குச்சியும் வெச்சு செய்யலாம், இது குப்பைப் பொருள்ல பொம்மை செஞ்சு சயின்ஸ் சொல்லிக்குடுக்குற அரவிந்த் குப்தா வழி, 1970கள்ல மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் பக்கத்து கிராமத்துப் பள்ளிக்கூடங்கள்ல வேலை செய்யும்போது அவர் உருவாக்கினது. தீக்குச்சி மருந்தை மட்டும் பெரியவங்க முன்கூட்டியே சொரண்டி எடுத்துடணும்.

பல்குச்சி முனை கூர்மையா இருக்கும், அதனால தரைல உக்காந்துதான் செய்யணும், கைல வெச்சுக்கிட்டு ஓடக்கூடாது. வீட்ல குட்டிப் பாப்பா இருந்தா கடலைய எண்ணிக் குடுத்து எண்ணி வாங்குங்க, தொண்டைல சிக்கிடும். செஞ்ச மாடலை அன்னிக்கே எடை வெச்சு உடைச்சிடாம ரெண்டு நாள் நிழல்ல வைங்க, கடலை காஞ்சு சுருங்கி குச்சிய இறுக்கி புடிச்சுக்கும். அதுக்கப்புறம் காசு அடுக்கணும், அதுக்கும் முன்னாடி நோட்டுல நம்பர் எழுதியாகணும்.