பழைய கிரைண்டரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு

எங்கள் வீட்டுக் கல் கிரைண்டர் 1994-இல் வாங்கியது, பெல்ட் மட்டும்தான் மாற்றியிருக்கிறோம், இன்னமும் நன்றாக ஓடுகிறது. ஆனால் டைமர் கிடையாது, உளுந்தைப் போட்டுவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனால் மறந்தே போகும், அதற்குள் மாவு சூடேறிவிடும், அப்புறம் இட்லி மெத்தென்று வராது. அதனால் சுவிட்சைப் போடும்போதே போனில் 10 நிமிட அலாரம் வையுங்கள். அடித்ததும் நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு, ஜில்லென்ற தண்ணீர் கொஞ்சம் தெளித்து மறுபடி ஓடவிடுங்கள். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். போனையும் எங்காவது வைத்துவிடுவீர்களா? தண்ணீர்ச் சொம்பைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போங்கள், அது ஞாபகப்படுத்தும். ரப்பர் கருகும் வாடை வந்தால் பெல்ட் வழுக்குகிறது, உடனே நிறுத்திவிடுங்கள், மோட்டாரைக் காப்பாற்றிவிடலாம்.