ஹண்டரா, ரோனினா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 ஜூலையில் டிவிஎஸ் ரோனின் வந்தது. அடுத்த மாதமே ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 வந்தது. டிவிஎஸ்ஸின் ஆலை ஓசூரில், ராயல் என்ஃபீல்டின் ஆலைகள் சென்னைப் பக்கம். அறிமுக ஷோரூம் விலை இரண்டுக்குமே ஒன்றரை லட்சத்தை ஒட்டித்தான். வட்ட ஹெட்லைட், பழைய பாணி டேங்க், மூடி மறைக்காத இன்ஜின், 17 அங்குலச் சக்கரம் என்று தோற்றத்திலும் பங்காளிகள்தான். அதனால் பைக் வாங்கக் கிளம்பும் பலர் கடைசியில் இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒப்பிடுவதில் தப்பே இல்லை. ஒரு வண்டியின் டாப் மாடலை இன்னொன்றின் பேஸ் மாடலோடும், போன வருட விலையை இந்த வருட விலையோடும், தனி ஆள் ஓட்டத்தைக் குடும்ப ஓட்டத்தோடும் சேர்த்து எடை போடும்போதுதான் தராசு சாய்கிறது.

சிசியை மட்டும் பார்ப்பது

ஹண்டர் 349 சிசி, ரோனின் 225.9 சிசி. "அதே காசுக்கு 123 சிசி அதிகம்" என்று சிலர் அங்கேயே முடிவு கட்டிவிடுவார்கள். வேறு சிலர் பவர் எண்ணைப் பார்த்துவிட்டு "ரோனின்தான் ஒரு நூல் அதிகம்" என்பார்கள். ராயல் என்ஃபீல்டு தன் பவரை 20.2 பிஎச்பி என்று போடுகிறது, டிவிஎஸ் 20.4 பிஎஸ் என்று போடுகிறது. இரண்டும் வேறு வேறு அலகு. 20.2 பிஎச்பியை பிஎஸ் கணக்குக்கு மாற்றினால் 20.48 வரும். அதாவது உச்ச பவரில் இரண்டும் சமம்.

அந்த பவர் எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) வருகிறது என்பதில்தான் வண்டியின் குணம் இருக்கிறது. ஹண்டருக்கு 6100, ரோனினுக்கு 7750. டார்க்கில், அதாவது இன்ஜினின் சுழற்றும் விசையில், ஹண்டர் 4000 ஆர்பிஎம்மில் 27 நியூட்டன் மீட்டர் தருகிறது, ரோனின் 3750இல் 19.93. டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி வருவதுதான் பவர். அந்தக் கணக்கைப் போட்டால் 4000இல் ஹண்டர் ஏற்கெனவே சுமார் 15 பிஎஸ் கொடுத்துக்கொண்டிருக்கும், 3750இல் ரோனின் பத்தரையைத்தான் தொட்டிருக்கும். மீதியை வாங்க ரோனினின் இன்ஜினைச் சுற்றவிட வேண்டும். ஹண்டரில் நாலாவது கியரிலேயே சோம்பலாக இழுத்துக்கொண்டு போகலாம். ரோனினில் ஓவர்டேக் செய்ய ஒரு கியர் குறைக்க மனசு வர வேண்டும். எது நல்லது என்பது உங்கள் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. கியர் மாற்றுவதே எரிச்சல் என்பவருக்கு ஹண்டர் பிடிக்கும். சின்ன வண்டியில் முறுக்கி ஓட்டிப் பழகியவருக்கு ரோனின் அந்நியமாகவே தெரியாது.

ஒரு சின்ன வேடிக்கை. ஹண்டரின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே ஒருமுறை போகும் தூரம்) 85.8 மி.மீ., ரோனினுடையது 66 மி.மீ. உச்ச பவர் வரும் இடத்தில் பிஸ்டன் ஓடும் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் இரண்டுமே நொடிக்கு 17 மீட்டர் சொச்சம்தான். ஆர்பிஎம் அதிகம் என்பதாலேயே ரோனின் இன்ஜின் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயமுறுத்துபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வெறும் வண்டியின் எடையை வைத்து பிக்கப்பைக் கணிப்பது

ரோனின் சுமார் 159 கிலோ. ஹண்டரின் அலாய் வீல் மாடல் 181 கிலோ. ஒரே பவர், 22 கிலோ குறைவு. ஒரு டன்னுக்கு எத்தனை பிஎஸ் என்று பார்த்தால் ரோனின் 13 சதவீதம் முன்னால் நிற்கிறது. ஆனால் வண்டி ஆளில்லாமல் ஓடாது. 70 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் அந்த வித்தியாசம் 9 சதவீதமாகிறது, பின்னால் இன்னொருவர் ஏறினால் 7 சதவீதம். தினமும் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிக்கொண்டு போகிறவர் எடையை வைத்து பிக்கப்பைக் கணிப்பதில் பெரிய பயனில்லை.

எடை உண்மையில் தெரியும் இடம் வேறு. அடுக்குமாடி பார்க்கிங்கில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளும்போதும், பஞ்சரான வண்டியை அரை கிலோமீட்டர் உருட்டும்போதும் அந்த 22 கிலோ கையில் தெரியும். ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் உருட்டிப் பாருங்கள். லேசான சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் ஒரே நிமிடத்தில் விஷயம் புரிந்துவிடும்.

பேஸ் மாடல் விலையையும் டாப் மாடல் வசதியையும் கலப்பது

பணம் போகும் தவறுகளில் இதுதான் பெரியது. விளம்பரத்தில் "முதல்" என்று வருகிற விலை ஹண்டரின் ரெட்ரோ மாடலுக்கு உரியது. அதில் ஸ்போக் சக்கரம், ட்யூப் உள்ள டயர், பின்னால் டிரம் பிரேக், சிங்கிள் சேனல் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது ஏபிஎஸ்; சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும், டூயல் சேனல் என்றால் இரண்டுக்கும்). டயரும் ஒல்லி: முன்னால் 100/80, பின்னால் 120/80. படத்தில் பார்த்து ஆசைப்பட்டது அலாய் வீல், 140 அகலப் பின் டயர், இரண்டு பக்கமும் டிஸ்க், டூயல் சேனல் ஏபிஎஸ் உள்ள மாடல். இரண்டும் ஹண்டர்தான். ஓட்டும்போது இரண்டும் ஒரே வண்டி இல்லை.

ட்யூப் டயரை லேசாக எண்ண வேண்டாம். ட்யூப்லெஸ்ஸில் ஆணி குத்தினால் காற்று மெதுவாக இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே பத்து நிமிடத்தில் பிளக் வைத்துவிடலாம். ட்யூப் டயரில் காற்று பெரும்பாலும் சட்டென்று போகும், சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு பைபாஸில் இது பெரிய வித்தியாசம்.

ரோனின் எல்லா மாடலிலும் ட்யூப்லெஸ், பின்னாலும் டிஸ்க். ஏபிஎஸ்ஸில்தான் பிரிவு: டாப் மாடலில் தொடக்கத்திலிருந்தே டூயல் சேனல், 2025இல் நடு மாடலுக்கும் வந்தது. ரோனினில் "ரெயின்", "அர்பன்" என்று இரண்டு மோடு இருப்பதைப் பார்த்து இன்ஜின் பவர் மாறும் என்று நினைத்து அதற்காகவே கூடுதல் காசு கொடுப்பவர்கள் உண்டு. அவை ஏபிஎஸ் மோடுகள், எவ்வளவு சீக்கிரம் குறுக்கிட வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். பிக்கப்பில் ஒரு மாற்றமும் வராது.

தங்க நிறத் தலைகீழ் ஃபோர்க்கைப் பார்த்து "ரோனின் சஸ்பென்ஷன்தான் உசத்தி" என்பதும் இதே ரகம். இரண்டு வண்டியிலும் முன் ஃபோர்க் குழாய் 41 மி.மீ.தான். பள்ளத்தில் எப்படி இருக்கிறது என்பதை ஓட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், கண்ணால் பார்த்து அல்ல.

2022 வீடியோவைப் பார்த்து இன்றைய வண்டியை எடை போடுவது

ஹண்டரைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது வண்டி வந்த புதிதில் எடுத்த வீடியோக்கள். "பின் சஸ்பென்ஷன் கல் மாதிரி இருக்கிறது, கிளட்ச் கனம், அடி தட்டுகிறது" என்று அவற்றில் சொல்வது அன்றைக்கு உண்மை. 2025 ஏப்ரலில் வந்த மாற்றத்தில் பின் ஸ்பிரிங்கை மாற்றினார்கள், பிடிக்க லேசான ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வந்தது, மேல் மாடல்களுக்கு எல்இடி ஹெட்லைட் வந்தது, சைலன்சர் போகும் பாதையை மாற்றி கிரவுண்ட் கிளியரன்ஸை 150லிருந்து 160 மி.மீ. ஆக்கினார்கள். பழைய வீடியோவை நம்பி ஹண்டரை ஒதுக்குவது ஒரு தவறு. புது வீடியோவை நம்பி 2023 மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்குவது அதைவிடக் காஸ்ட்லியான தவறு. பழைய வண்டி பார்க்கப் போனால் கிளட்ச் லிவரை இருபது தடவை பிடித்து விட்டுப் பாருங்கள்.

160 ஆன பிறகும் ரோனினின் 181 மி.மீ.க்கு ஹண்டர் ஈடாகாது. உங்கள் தெருவில் ஊர்க்காரர்களே சிமென்ட்டில் கட்டிய ஸ்பீட் பிரேக்கர் இருந்தால், அதன்மேல் இரண்டு பேரோடு ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு முடிவு செய்யுங்கள்.

தனியாக, இரண்டு கிலோமீட்டர் டெஸ்ட் ரைடு

ஷோரூம்காரர் கூட்டிப்போகும் பாதை பெரும்பாலும் நல்ல தார் ரோடு, ஒரே ஒரு யூ டர்ன். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். இரண்டு வண்டியையும் ஒரே நாளில், ஒரே ரோட்டில், அதே பின்சீட் ஆளோடு ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். காலையில் போன் செய்து "வண்டியைச் சூடாக்காமல் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்று தெரியும். கிளம்புவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். டெமோ வண்டிகளில் காற்று ஏறுமாறாக இருப்பது சகஜம். ஐந்தாறு பிஎஸ்ஐ கூடினாலே நல்ல சஸ்பென்ஷனும் முரடாகத் தெரியும். வண்டியிலுள்ள ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஓட்டுங்கள்.

மூன்றாவது கியரில் 30லிருந்து 60 வரை இழுத்துப் பாருங்கள். நாலாவதில் 40இல் விட்டு, திணறுகிறதா என்று கவனியுங்கள். நாற்கர சாலை கிடைத்தால் 90இல் இரண்டு நிமிடம் நிலையாகப் போய் ஹேண்டில்பாரிலும் கால் வைக்கும் இடத்திலும் அதிர்வு வருகிறதா என்று பாருங்கள். இரண்டுமே 80, 85இல் நிம்மதியாகப் போகும் வண்டிகள். நாள் முழுக்க 110இல் போக வேண்டும் என்பவர் தேட வேண்டியது வேறு ரக வண்டி.

பின்சீட்டில் ஆள் ஏற்றிப் பார்க்கும்போது இன்னொரு விஷயம் உண்டு. பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை, இரண்டு வண்டியிலும் மாற்றலாம். ஹண்டரில் இரட்டை ஷாக் அப்சார்பர், 6 படி. ரோனினில் மோனோஷாக், 7 படி. தனி ஆளுக்கு வைத்த படியிலேயே இரண்டு பேர் ஏறிவிட்டு "இடிக்கிறது" என்று சொல்வது வண்டிக்குச் செய்யும் அநியாயம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு டேப் போதும். வண்டியை நிமிர்த்திப் பிடித்து, பின் சக்கரம் தொங்கும்படி தூக்கச் சொல்லி, அச்சிலிருந்து நேர்மேலே சீட்டின் அடிவிளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு வழக்கமான சுமையோடு உட்கார்ந்து மறுபடி அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷன் நகரும் மொத்த தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஹண்டரின் பின்பக்கம் நகர்வது 102 மி.மீ., ஆகவே 25லிருந்து 34 மி.மீ. வரை சரி. 45 இறங்கினால் பிரீலோடை ஏற்றுங்கள். சி வடிவ ஸ்பேனர் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

சீட் உயரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 மி.மீ. அளவுதான். செருப்பை மாற்றினாலே அது மறைந்துபோகும். சீட்டின் அகலம் தொடையை எவ்வளவு விரிக்கிறது என்பதுதான் கால் எட்டுவதைத் தீர்மானிக்கிறது.

விலைக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இரண்டு வண்டியும் அந்த வரம்புக்குள்தான். அதற்கு முந்தைய விலைப்பட்டியல் எதுவும் இனி உதவாது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட டூவீலருக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். வண்டி ஒன்றரை லட்சம் என்றால் வரியே 18,000. மாடல்களுக்கு நடுவே 10,000 வித்தியாசம் என்றால் ஆன்ரோடில் அது 11,200 ஆகும். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் புது வண்டிக்கு ஐந்து வருடம் கட்டாயம். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 150லிருந்து 350 சிசி வரை ஒரே தொகை, 7,365 ரூபாய். ஆக, சிசி குறைவு என்பதால் ரோனினுக்கு இங்கே சலுகை கிடையாது. கொட்டேஷனில் "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று தனியாகத் தொகை போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸை வெளியில் எடுத்தால் என்ன விலை என்று தனியாக ஒரு கொட்டேஷன் வாங்குங்கள்.

மைலேஜ் சண்டையைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். சோதனைக்கூட அளவில் லிட்டருக்கு ரோனின் 42.95 கி.மீ., ஹண்டர் 36.2 கி.மீ. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் 4.3 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 430 ரூபாய். மாதம் 400 கி.மீ. ஓட்டுபவருக்கு அது 170 ரூபாய்தான். அதற்காகப் பிடிக்காத வண்டியை வாங்க வேண்டியதில்லை.

உதிரி பாகத்தைப் பற்றி இணையத்தில் படிப்பதைவிட உங்கள் ஊர் ஸ்பேர் கவுன்டரில் கேட்பது நல்லது. கிளட்ச் கேபிள், கிளட்ச் பிளேட், முன் பிரேக் பேட், செயின் ஸ்ப்ராக்கெட் செட், ஹெட்லைட், இண்டிகேட்டர் என்று ஆறு பொருளை எழுதிக்கொண்டு போய் விலையையும் "இப்போது கையில் இருக்கிறதா, எத்தனை நாளாகும்" என்பதையும் கேளுங்கள். தாலுகா ஊரில் கிடைக்கும் பதிலும் சென்னையில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது.

எதை வாங்கினாலும் டெலிவரி எடுக்கும் அன்று டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அது ஒரு வருடத்துக்கு மேல் பழசாக இருந்தால் வண்டியும் குடோனில் அவ்வளவு நாள் நின்றிருக்கக்கூடும். சேஸிஸ் எண்ணை வைத்து எந்த மாதம் தயாரானது என்று கேட்டுவிட்டு, பேட்டரி வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினை ஆஃப் செய்து கொஞ்ச நேரம் நின்ற வண்டியில் 12.4க்குக் கீழே காட்டினால், பதிவு செய்வதற்கு முன்பே வேறு வண்டி கேளுங்கள். நம்பர் விழுந்துவிட்டால் மாற்றித் தரமாட்டார்கள்.