ஆர்டீமியா குஞ்சுகளை வயதுப்படி அடுக்குவது எப்படி?

பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறேன். வருடா வருடம் மாணவர்களோடு செய்யும் பயிற்சி இது.

ஆர்டீமியா என்பது உப்பு நீரில் வாழும், இறால் போன்ற சிறு உயிர். மீன் தொட்டிக் கடையில் அதன் முட்டை கிடைக்கும். பார்க்கப் பழுப்புத் தூள் மாதிரி இருக்கும். ஒரு நாள் திறந்து வைத்த குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரில், அயோடின் சேர்க்காத கல்லுப்பு 30 கிராம் கரைத்து, ஒரு சிட்டிகை முட்டையைத் தூவுங்கள். காற்றுப் பம்பு மெதுவாக ஓடட்டும். நம்ம ஊர்ச் சூட்டில் ஒன்று, ஒன்றரை நாளில் பொரிந்துவிடும். பம்பை நிறுத்திப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், குஞ்சுகள் வெளிச்சத்துக்கு வந்து கூடும்.

சொட்டுக்குழாயால் ஒன்றை எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் விடுங்கள். நிற்காமல் ஓடும். இரண்டு பஞ்சு இழையை நீரில் போட்டால் அதில் சிக்கி நிதானப்படும். நுண்ணோக்கியில் 40 மடங்கில் பாருங்கள்: அரை மில்லிமீட்டர் உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கண், மூன்றே ஜோடி உறுப்புகள். இரண்டாவது ஜோடிதான் துடுப்பு. நீந்துவது அதை வீசித்தான். பின்னுடல் வெறும் முண்டு.

முதல் தோலை உரித்த பிறகே அது சாப்பிடும். துளி ஸ்பைருலினா பாசித் தூளைக் கரைத்து விடுங்கள்; தண்ணீர் கலங்கினால் அதிகம் என்று அர்த்தம். மட்டம் குறைந்தால் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. தினமும் ஒரு குஞ்சை வரையுங்கள். கால் மொட்டுகள் முன்னிருந்து பின்னாக வரிசையாக முளைக்கும். முழுதாக வளர்ந்தால் மார்பில் 11 ஜோடி. தேதியைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அது ரொம்ப முக்கியம்.

ஏன் என்றால், புதைபடிவக் குஞ்சுகளை இப்படி அடுக்கிய ஆய்வாளர் டீட்டர் வலோசெக்கிடம் தேதி இல்லை. ஸ்வீடனின் சுமார் 50 கோடி ஆண்டுப் பழைய சுண்ணாம்புக் கற்களை ஜெர்மனியின் பான் நகரில் புதைபடிவ ஆய்வாளர் கிளௌஸ் ம்யூல்லர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்தபோது, இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர்கள் வண்டலில் கிடைத்தன. தோல் பாஸ்பேட்டாக மாறியிருந்ததால் அமிலத்தில் கரையவில்லை. காலில் இருந்த மயிர்கூட அப்படியே இருந்தது. அவற்றில் ரெபாக்கியெல்லா என்ற, இறால் வகையைச் சேர்ந்த ஒன்றின் குஞ்சுகளை வலோசெக் உடல் கண்டங்களையும் கால்களையும் எண்ணி எண்ணி, சுமார் 30 பருவங்களாக அடுக்கி 1993-இல் வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள ஆர்டீமியாவும் அதன் உறவுகளும் கைகொடுத்தன. எனக்கு இன்னும் மலைப்பு தீரவில்லை.

சரி, இப்போது உங்கள் படங்களை வேறொருவரிடம் கொடுத்துக் கலைக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பார்க்காமல் அடுக்குங்கள். போன வருடம் ஒரு மாணவிக்கு இரண்டு படம் இடம் மாறிவிட்டது. நீளத்தைப் பார்த்து வைத்திருந்தாள். குட்டையானதில்தான் ஒரு ஜோடி மொட்டு கூடுதலாக இருந்தது.