பீசா போகுமுன் தெலுக் இந்தான் கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்

ஐரோப்பாவில் படிக்கப் போகிற பிள்ளைகளும், விடுமுறையில் நாலைந்து நகரம் சுற்ற நினைப்பவர்களும் கட்டடம் பார்க்கக் கண்ணைப் பழக்க ஊரைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த நம் சாய்ந்த கோபுரம் போதும். ஒன்றரை அடி நூலில் ஒரு சாவியைக் கட்டுங்கள். கையை நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி, நூலின் மேல் நுனியைக் கோபுர உச்சியின் ஓரத்தோடு பொருத்துங்கள். சாவி ஆடி அடங்கியதும் கீழே ஓரம் நூலைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். கொத்தனாரின் தூக்குக்குண்டும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். நம் கோபுரம் மேலே போகப் போகக் குறுகும், அதனால் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் சாயாததும் சாய்ந்ததாகத் தெரியும். இடது ஓரம், வலது ஓரம் இரண்டையும் பார்த்து, எது அதிகம் விலகுகிறது என்று ஒப்பிடுங்கள். அடுத்தது நிற்கும் இடம். கோபுரம் உங்களை நோக்கியோ உங்களைவிட்டு விலகியோ சாய்ந்தால் நேராகத்தான் தெரியும். கால்வட்டம் நடந்து பக்கவாட்டுக்குப் போனால் சாய்வு வெளிப்படும். அப்படியே தட்டுகளையும் எண்ணுங்கள்: வெளியே எட்டு, உள்ளே மூன்றே மாடி. வெளித்தோற்றத்தை அப்படியே நம்பக் கூடாது என்பது இங்கேயே பிடிபட்டுவிடும்.

அதே நூல் இத்தாலியின் பீசா சாய்ந்த கோபுரத்துக்கும் உதவும். அங்கே சாய்வு தெற்குப் பக்கம், ஆகவே கிழக்கிலோ மேற்கிலோ நில்லுங்கள். உயரம் சுமார் 56 மீட்டர், சாய்வு ஏறத்தாழ 4 டிகிரி. நூலின் 30 சென்டிமீட்டர் நீளத்துக்கு விலகல் 2 சென்டிமீட்டர் வரும். புல்வெளியில் காற்று அடித்தால் சாவி நிற்காது, பெட்டிப் பூட்டைக் கட்டுங்கள். அளந்தபின் ஓரத்தை மேலிருந்து கீழாகக் கண்ணால் தடவினால் அது நேர்க்கோடு இல்லை, லேசாக வளைந்திருக்கிறது என்பது தெரியும். 1173இல் தொடங்கி மூன்று மாடி ஏறுவதற்குள் மிருதுவான மண்ணில் கோபுரம் இறங்க, வேலை ஏறக்குறைய நூறு ஆண்டு நின்றது. அந்த இடைவெளியில் களிமண் இறுகியது. பின்னால் வந்தவர்கள் சாய்வைச் சரிக்கட்ட மேல்மாடிகளை எதிர்ப்பக்கமாகச் சாய்த்துக் கட்டியதால் வந்ததுதான் அந்த வளைவு. 1990இல் மூடி, வடக்குப் பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி, 2001இல்தான் மறுபடி ஆள் ஏற விட்டார்கள். கோபுரத்தைத் தாங்குவதுபோலக் கையை நீட்டிப் படம் எடுப்பதை ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு இதைப் பாருங்கள். புளோரன்ஸிலிருந்து ரயில் ஒரு மணி நேரம். காகித டிக்கெட் என்றால் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டு ஏறுங்கள், மறந்தால் அபராதம். பீசா சான் ரொசோரே நிலையத்தில் இறங்கினால் கோபுரம் பக்கம்.

தேவாலயங்களுக்குத் திசைக் கணக்கு உண்டு. நம் கோயில் வாசல் பெரும்பாலும் கிழக்கு பார்த்திருக்கும். அங்கே பழைய தேவாலயங்களில் பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே. அதனால் முகப்பைப் பார்க்கவும் படம் எடுக்கவும் பிற்பகல் நல்லது. பீடத்துக்குப் பின்னால் உள்ள வண்ணக் கண்ணாடிக்குக் காலை. ரோமின் புனித பேதுரு பேராலயம் இதற்கு விதிவிலக்கு, அதன் வாசலே கிழக்கு பார்த்தது. ஜெர்மனியின் கொலோனில் ரயில் மாறுவதற்கு இரண்டு மணி நேரம் இருந்தால்கூடப் பேராலயத்தைப் பார்த்துவிடலாம், நிலைய வாசலுக்கு எதிரேயே நிற்கிறது. 157 மீட்டர் என்றால் நம் கோபுரத்தைப் போல ஆறு மடங்கு. 1248இல் ஆரம்பித்து 1880இல் முடித்தது. மேலே ஏற 533 படி, லிஃப்ட் கிடையாது. பெரிய பெட்டியை நிலைய லாக்கரில் போட்டுவிட்டு ஏறுங்கள்.

ரோமில் ஒரே ஒரு கட்டடம் பார்க்கத்தான் நேரம் என்றால் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில். மழை நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. குவிமாடத்தின் குறுக்களவும் தரையிலிருந்து உச்சிவரை உயரமும் ஒன்றேதான், 43.3 மீட்டர். உச்சித் துளைக்கு மூடி இல்லை. மழை நேராகத் தரையில் விழும். சிறு துளைகள் வழியே வடியும். தரை நடுவில் லேசாக மேடாக இருப்பதைச் சப்பாத்து அடியிலேயே உணரலாம். கம்பி போடாத கான்கிரீட் இது. கீழே கனமான கல், மேலே நுரைக்கல் என்று கலவையை மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள், அதனால்தான் நிற்கிறது.

அருங்காட்சியகங்களில் கிழமைதான் காலை வாரும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். திங்களும் செவ்வாயும் மட்டும் பாரிஸில் தங்குபவர் திங்களில் ஓர்சே, செவ்வாயில் லூவர் என்று திட்டத்தைத் திருப்பிப் போட்டால் இரண்டுமே கைவிட்டுப் போகும். 55 × 35 × 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெட்டியை லூவர் உள்ளேயே விடாது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் தங்கிப் படிப்பவர், 26 வயது ஆகாதவர் என்றால், தங்கும் அனுமதி அட்டையைக் காட்டி இரண்டிலும் இலவசமாக நுழையலாம். சுற்றுலாவாகப் போகிற, 18 வயது ஆனவருக்கு இந்தச் சலுகை இல்லை, மாணவர் அட்டை இருந்தாலும்.

ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகம், அதிலும் ஒன்றரை மணி நேரம். அதற்குமேல் கால் நடக்கும், கண் பார்க்காது. ஓர்சேயில் ஓவியத்துக்கு முன் கூரையைப் பாருங்கள். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது. நீளமான ரயில்கள் வந்ததும் நடைமேடை போதாமல் போய், 1986இல் அருங்காட்சியகமானது. பென்சிலும் சின்ன நோட்டும் கொண்டுபோங்கள், மைப்பேனாவால் வரைய பல இடங்களில் விடமாட்டார்கள்.

ரயில் பாஸ் வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். இன்டர்ரெயில் ஐரோப்பாவில் குடியிருப்போருக்கு, யூரெயில் மலேசியாவிலிருந்து போவோருக்கு. 27 வயதுவரை இளையோர் விலை. பாஸ் கையில் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் அதிவேக ரயில்களில் இருக்கைப் பதிவுக்குத் தனிக் காசு. ஜெர்மனியில் பெரும்பாலும் அது வேண்டாம்.